கடலில் பிறந்த ‘டோட்டல் லாஸ்’ எங்கட மெயின் வீதிக்கு வந்த கதை

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ ஒரு வாகனம் மோசமாக அடிபட்டால், கொஞ்ச நாளில் ஒரு சொல் அந்த வீட்டுக்குள் வந்துவிடும்: ‘டோட்டல் லாஸ்’. மதிப்பீட்டாளர் கராஜுக்கு வந்து பார்த்திருப்பார். எஸ்டிமேட் போயிருக்கும். பிறகு கம்பனியிலிருந்து கோல் வரும். “திருத்துறது சரிவராது, டோட்டல் லாஸுக்குத்தான் போடவேணும்” என்பார்கள். வாகனம் கராஜில் கண் முன்னாலேயே நிற்கும். எஞ்சின்கூட ஸ்டார்ட் ஆகலாம். ஆனால் கடதாசியில் அது முழுசா அழிந்துபோன பொருள்.

இருக்கிற ஒரு பொருளை ‘இல்லை’ என்று எழுத யார் கண்டுபிடித்தார்கள்? அந்த முடிவை எடுக்கிற அதிகாரம் யாருக்கு? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால் காரும் மோட்டார் சைக்கிளும் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால், கடலுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. அந்தக் கதை தெரிந்தால் கம்பனி மேசைக்கு முன்னால் இருக்கும்போது நாம் கேட்கிற கேள்வியும் மாறும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கப்பலைக் கைவிடுகிற உரிமை

இன்றைக்குக் கிடைக்கிற மிகப் பழைய கடல் காப்புறுதி ஒப்பந்தங்களில் ஒன்று 1347இல் இத்தாலியின் ஜெனோவாவில் எழுதப்பட்டது. அந்தக் காலத்து வியாபாரியின் பெரிய தலையிடி, கப்பல் மூழ்கினதா இல்லையா என்று தெரியாமல் இருப்பதுதான். மூழ்கின செய்தி வந்தால் நட்டஈடு கேட்கலாம். செய்தியே வராவிட்டால்? கொள்ளைக்காரர் பிடித்துக்கொண்டு போயிருந்தால்? கப்பல் எங்கோ ஒரு மணல் மேட்டில் ஏறி உடைந்து கிடந்தால்?

இதற்குத் தீர்வாக வந்ததுதான் ‘கைவிடுதல்’ என்ற வழக்கம். சொந்தக்காரர் காப்புறுதி செய்தவரிடம் போய், “கப்பலை உங்களுக்கே விட்டுவிட்டேன், முழுத் தொகையையும் தாருங்கள்” என்பார். அதற்குப் பிறகு கப்பல் திரும்பி வந்தாலும், அதில் மிஞ்சின பலகையும் பாயும் காப்புறுதி செய்தவருக்குத்தான். 1681இல் பிரான்சில் வந்த கடற்சட்டம் இதற்கு விரிவான விதிகளை எழுதியது. லண்டனில் எட்வர்ட் லொயிட் என்பவரின் கோப்பிக் கடையில் 1680களிலிருந்து கூடின கப்பல்காரரும் காசுக்காரரும் இதே வழக்கத்தை வளர்த்தார்கள். கடைசியில் 1906ஆம் ஆண்டு பிரித்தானியக் கடல் காப்புறுதிச் சட்டம் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி வைத்தது.

அந்தச் சட்டத்தில் முழு இழப்பு ரெண்டு வகை. ஒன்று, பொருள் உண்மையிலேயே அழிந்துபோவது. மற்றது, பொருள் இருக்கிறது, ஆனால் அதை மீட்டுத் திருத்துகிற செலவு, திருத்தின பிறகு அதற்கு இருக்கப்போகிற பெறுமதியை விடக் கூடிவிடுவது. எங்கட கரைவலைக்காரரும் இயந்திரப் படகுக்காரரும் சட்டம் படிக்காமலே இந்தக் கணக்கைப் போடுவார்கள். அலை அடித்துக் கரையில் உடைந்து கிடக்கிற தோணியைப் பார்த்து, “இதக் கட்டி எடுக்கிற காசுக்குப் புதுத் தோணி வாங்கலாம்” என்று சொல்வது இந்த ரெண்டாவது வகைதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கைவிடுவதா, இல்லாவிட்டால் கப்பலை வைத்துக்கொண்டு பகுதிச் சேதத்துக்கு மட்டும் காசு கேட்பதா என்று தீர்மானிக்கிற உரிமை சொந்தக்காரருக்குத்தான் இருந்தது. 1906 சட்டமும் அந்தத் தெரிவைக் காப்புறுதி எடுத்தவர் கையில்தான் கொடுக்கிறது. வாகனத்துக்கு வந்தபோது இது தலைகீழாக மாறிவிட்டது. அந்த இடத்துக்குப் பிறகு வருவோம்.

ஆங்கிலச் சட்டம் எப்படி எங்கட கரைக்கு வந்தது

இலங்கையின் பொதுச் சட்டம் ரோமன் டச்சுச் சட்டம். காணி, நட்டஈடு போன்றவற்றில் இன்றைக்கும் அதன் நிழல் இருக்கிறது. ஆனால் வியாபாரத்தில் பிரித்தானியருக்குத் தங்களுடைய சட்டமே வசதியாக இருந்தது. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க சிவில் சட்டக் கட்டளைச் சட்டம் கப்பல் விவகாரங்களுக்கும், வங்கி, கூட்டு வியாபாரம், ஆயுள் மற்றும் தீக் காப்புறுதி போன்ற வணிக விவகாரங்களுக்கும் ஆங்கிலச் சட்டமே பொருந்தும் என்று சொன்னது. கோப்பித் தோட்டக் காலத்தில் கொழும்பு வியாபாரிகளுக்காக வந்த அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் லண்டன் நீதிமன்றங்களின் காப்புறுதி விதிகள் எங்கட நீதிமன்றங்களுக்கும் வந்தன.

அதில் ஒரு விதியை எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேணும். 1883இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ந்த காஸ்டலெய்ன் எதிர் பிரெஸ்டன் வழக்கு. ஒருவர் தன் கட்டடத்தை விற்பதற்கு ஒப்பந்தம் செய்திருக்கிறார். விற்பனை முடிவதற்கு முன் அது தீப்பிடித்துவிடுகிறது. காப்புறுதிக் கம்பனி நட்டஈடு கொடுக்கிறது. பிறகு வாங்குபவரும் பேசின விலையை முழுசாகக் கொடுத்துவிடுகிறார். ஒரே கட்டடத்துக்கு ரெண்டு தரம் காசு. கம்பனி வழக்குப் போட்டு, கொடுத்த காசைத் திருப்பி வாங்கியது. காப்புறுதி என்பது இழப்பை நிரப்புவதற்கு, அதில் லாபம் பார்க்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம்.

டோட்டல் லாஸ் காசு தந்த பிறகு உடைந்த வாகனத்தைக் கம்பனி எடுத்துக்கொள்வதற்கும், நீங்கள் அதை வைத்துக்கொண்டால் அதன் பெறுமதியைக் கழிப்பதற்கும், இடித்த ஆளிடம் பிறகு கம்பனியே உங்கள் இடத்தில் நின்று நட்டஈடு கேட்பதற்கும் காரணம் இதுதான். ஆனால் இந்த விதி ரெண்டு பக்கமும் வெட்டும். நாம் கூட எடுக்கக் கூடாது என்றால், கம்பனியும் குறைத்துத் தரக் கூடாது. முதல் பாதியைத்தான் மேசையில் அடிக்கடி கேட்கிறோம். ரெண்டாவது பாதியை நாம்தான் நினைவூட்ட வேணும்.

பாலம், வீதி, சட்டம்

மட்டக்களப்பு நகரத்துக்கும் எங்கட பக்கத்துக்கும் நடுவில் வாவி இருக்கிறது. 1924இல் கல்லடியில் லேடி மானிங் பாலம் திறக்கப்பட்ட பிறகுதான் மோட்டார் வாகனங்கள் தடையில்லாமல் தெற்கே ஓடத் தொடங்கின. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்புக்குப் போகிற ஏ4 பெருந்தெரு இன்றைக்கும் எங்கட ஊர்களின் நடு முதுகெலும்பு. அதன் ரெண்டு பக்கமும் கடைகள், பள்ளிவாசல்கள், பாடசாலைகள். சைக்கிளும் ஆட்டோவும் பஸ்ஸும் லொறியும் மாடும் ஒரே வீதியில். விபத்து ஏன் குறையவில்லை என்று கேட்பவர்கள் பின்னேரம் ஐந்து மணிக்கு அந்த வீதியில் ஒரு தரம் நின்று பார்க்கலாம்.

மோட்டார் வாகனங்கள் கூடக் கூட, இடிபட்டவருக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வி உலகம் முழுக்க வந்தது. நியூசிலாந்து 1928இலும் பிரித்தானியா 1930இலும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கின. இலங்கையில் 1938ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க மோட்டார் கார் கட்டளைச் சட்டம் அதைக் கொண்டுவந்தது. பிறகு வந்த 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் அதைத் தொடர்ந்தது. பொலிஸ் மறித்து இன்சூரன்ஸ் காட் கேட்பது அந்தச் சட்டத்தின் பெயரில்தான்.

ஆனால் அந்தச் சட்டம் கட்டாயமாக்கியது எதை? மனிதருடைய மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான பொறுப்பை. உங்கள் சொந்த வாகனத்தின் இரும்பை அது காப்பாற்றவில்லை. அது முழுசாக உங்களுக்கும் கம்பனிக்கும் இடையிலான ஒப்பந்தம். பொலிசியில் சின்ன எழுத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் சட்டம். வழமையான மோட்டார் பொலிசி ஒன்றை எடுத்துப் படித்தால் இப்படி ஒரு வாசகம் வரும்: திருத்துவதா, வேறு வாகனம் கொடுப்பதா, காசாகக் கொடுப்பதா என்பது கம்பனியின் தெரிவு. கப்பல் காலத்தில் சொந்தக்காரருக்கு இருந்த தெரிவு, கார் காலத்தில் கம்பனிக்குப் போய்ச் சேர்ந்தது இந்த ஒரு வாசகத்தால்தான். ஒப்பந்தத்தை எழுதுகிறவர் தனக்குச் சாதகமாகத்தானே எழுதுவார்?

தெரிவு கம்பனிக்குப் போனது. பெறுமதியைத் தனியாகத் தீர்மானிக்கிற அதிகாரம் போகவில்லை. எவ்வளவு இழப்பு என்பது இன்னும் வாதாடக்கூடிய விஷயம்தான்.

அரசாங்கத்தின் கையிலும் வெளியிலும்

1961 எங்களுக்கு ரெண்டு விதத்தில் முக்கியமான வருஷம். மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டத்தை உருவாக்கியது அப்போதுதான். அதே வருஷம்தான் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் காப்புறுதிக் கூட்டுத்தாபனச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1962இல் ஆயுள் காப்புறுதி அரச கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. 1964இல் வாகனம் உட்பட்ட பொதுக் காப்புறுதியும் வந்தது. அதுவரை வெளிநாட்டுக் கம்பனிகள் கொழும்பில் கந்தோர் வைத்து நடத்தின வியாபாரம் ஒரே அரச நிறுவனத்தின் கீழ் வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் தனியார் கம்பனி என்ற பேச்சே இல்லை.

1986இல் சட்டம் திருத்தப்பட்டு, அடுத்த வருஷங்களில் தனியார் கம்பனிகள் திரும்ப வந்தன. அரச கூட்டுத்தாபனம் 2003இல் தனியாருக்கு விற்கப்பட்டது. 2009 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்த விற்பனையை ரத்துச் செய்து அரசாங்கத்துக்கே திருப்பிக் கொடுத்தது. இந்தப் போட்டிக் காலத்தில்தான் விபத்து நடந்த இடத்துக்கே ஆள் வந்து படம் எடுத்துக் காசு தருகிற முறை பரவியது. பம்பர், லைட் உடைந்த சின்னச் சேதத்துக்கு அது பெரிய ஆறுதல். பெரிய சேதத்தில் இன்றைக்கும் பழைய பாதைதான்: பொலிஸ் முறைப்பாடு, மதிப்பீட்டாளர், எஸ்டிமேட், பேரம்.

இதைக் கண்காணிக்க 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தால் ஒரு சபை உருவானது. 2017இலிருந்து அதன் பெயர் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. முறைப்பாடுகளை விசாரிக்க 2005இலிருந்து காப்புறுதி ஒம்புட்ஸ்மனும் இருக்கிறார். எங்கட ஊரில் எத்தனை பேருக்கு இந்த ரெண்டு கதவும் தெரியும்? கம்பனி சொன்னதுதான் கடைசிச் சொல் என்று கையெழுத்து வைத்துவிட்டு வருகிறவர்கள்தான் கூட.

ஹறாமா என்ற கேள்வி

எங்கட ஊர்களில் காப்புறுதி வெறும் காசு விஷயம் இல்லை. “இன்சூரன்ஸ் கூடுமா மௌலவி?” என்ற கேள்வி ரொம்பப் பழையது. 1836இல் மௌத்தான டமஸ்கஸ் அறிஞர் இப்னு ஆபிதீன் ஐரோப்பியக் கப்பல் காப்புறுதியை ‘சவ்கரா’ என்ற பெயரில் ஆராய்ந்திருக்கிறார். அது இத்தாலியச் சொல் ஒன்றின் அரபு வடிவம். ஐரோப்பிய வியாபாரிகளின் முகவர்கள் முஸ்லிம் துறைமுகங்களில் இருந்துகொண்டு காசு வாங்கி, சரக்கு அழிந்தால் நட்டஈடு தருவதாகச் சொல்வதை அவர் பார்த்தார். தன்மேல் கடமையில்லாத ஒன்றைக் கடமையாக்கிக்கொள்கிற ஒப்பந்தம் இது, அந்த நட்டஈட்டை எடுக்கக் கூடாது என்றார். அதிலும் ஒப்பந்தம் எந்த நாட்டில் நடந்தது என்பதைப் பொறுத்து விதிவிலக்கையும் பேசினார். ஆக, ஜெனோவாவில் தொடங்கின அதே கடல் வழக்கம்தான் இஸ்லாமியச் சட்ட நூலுக்குள்ளும் வந்திருக்கிறது.

1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடின சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, வர்த்தகக் காப்புறுதியில் பெரிய அளவு நிச்சயமின்மை இருப்பதால் அது ஆகாது, ஒருவருக்கொருவர் உதவுகிற கூட்டுறவு முறை ஆகும் என்று தீர்மானித்தது. அதற்கு முன்பே 1979இல் சூடானில் முதல் இஸ்லாமியக் காப்புறுதிக் கம்பனி தொடங்கியிருந்தது. மலேசியா 1984இல் தகாஃபுல் சட்டம் கொண்டுவந்தது. இலங்கையில் 1999இல் அமானா தகாஃபுல் வந்தது. பங்காளிகள் பொது நிதியில் காசு போட்டு, நட்டப்பட்டவருக்கு அதிலிருந்து கொடுப்பதுதான் அடிப்படை.

இந்த விவாதம் மரியாதைக்குரியது. ஆனால் அதன் பக்க விளைவு ஒன்றையும் பார்க்க வேணும். சந்தேகத்தாலும் காசுக் கஷ்டத்தாலும் சட்டத்துக்காக மூன்றாம் தரப்பை மட்டும் எடுத்துவிட்டு ஓடுகிற ஆட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏராளம். அவர்கள் பிழையால் அடிபட்டால், ஒரு குடும்பத்தின் உழைப்பே கராஜ் மூலையில் நின்றுவிடும். இன்னொன்று: தகாஃபுல் எடுத்துவிட்டோம் என்று பொலிசியைப் படிக்காமல் விடுகிறதும் சரியில்லை. நிதியின் அமைப்புத்தான் வேறு. பெறுமதி, கழிவு, டோட்டல் லாஸ் போன்ற வாசகங்களை அங்கேயும் படித்துத்தான் ஆகவேணும்.

2020க்குப் பிறகு வந்த கணக்கு

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியது. பழைய கார்கள் வாங்கின விலையை விடக் கூடுதலான விலைக்கு விற்கப்பட்டன. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இந்த ஐந்து வருஷம் டோட்டல் லாஸ் கணக்கைக் குழப்பிவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு காரை 40 லட்சத்துக்குக் காப்புறுதி செய்து, அதே தொகையில் வருஷாவருஷம் புதுப்பித்தீர்கள் என்று வையுங்கள். சந்தை விலை 80 லட்சமாகிவிட்டது. கார் முழுசா அழிந்தால் கூடினபட்சம் 40தான் வரும். அதே கார் இன்னொன்று வாங்க முடியாது. பகுதிச் சேதம் என்றாலும் தப்பிக்க முடியாது. பாதிப் பெறுமதிக்குத்தான் காப்புறுதி இருக்கிறது என்று சொல்லி, 20 லட்சச் சேதத்துக்கு 10 லட்சம் தருகிற வாசகம் பல பொலிசிகளில் உண்டு. இதுவும் கடல் காப்புறுதியிலிருந்து வந்த பழைய விதிதான்.

இனி மறுபக்கம். 80 லட்சத்துக்குக் காப்புறுதி செய்து பிரீமியம் கட்டிவிட்டீர்கள். விபத்து நேரம் சந்தை விலை 60ஆக இறங்கிவிட்டது. அப்போது கம்பனி, காப்புறுதித் தொகை, சந்தை விலை ரெண்டில் குறைந்ததைத்தான் தருவோம் என்று சொல்லலாம். இந்தியாவில் இந்தச் சண்டையைக் குறைக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வாகனத்தின் வயதுக்கு ஏற்ற தேய்மான அட்டவணைப்படி பொலிசி தொடங்கும்போதே பெறுமதியை நிர்ணயிப்பார்கள். திருத்தச் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு. பிரித்தானியாவில் உடைந்த வாகனங்களை நான்கு வகையாகப் பிரித்து, எது திரும்ப வீதிக்கு வரலாம், எது வரக் கூடாது என்று பதிகிறார்கள். இங்கே உங்கள் பொலிசியில் எழுதியிருப்பதும், விபத்துக்கு முந்தின பெறுமதியை நீங்கள் எவ்வளவு தூரம் நிரூபிக்கிறீர்கள் என்பதும்தான் பெரிய விஷயம்.

லீசிங் இருந்தால் இன்னும் ஒரு முடிச்சு. பதிவுப் புத்தகத்தில் ‘அப்சலூட் ஓனர்’ லீசிங் கம்பனி. டோட்டல் லாஸ் காசு முதலில் அவர்களுக்குப் போகும். மிச்சம் இருந்தால்தான் உங்களுக்கு. காசு போதாவிட்டால் கடன் உங்கள் தலையில் நிற்கும், வாகனமும் இருக்காது.

கலவரமும் கடலும்

எங்கட மாவட்டத்துக்கு இன்னும் ரெண்டு பாடம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மௌத்தானார்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரையோரம் அப்படியே போனது. உயிர் போன இடத்தில் வாகனத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, அது சரிதான். ஆனால் வெள்ளம், சுனாமி போன்றவற்றுக்குப் பல பொலிசிகளில் தனி இணைப்பு எடுக்க வேணும் என்பது கரையோரத்தில் வாழ்கிற எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் பள்ளிவாசலும் முஸ்லிம் உணவகமும் தாக்கப்பட்டபோது வாகனங்களும் சேதமாக்கப்பட்டன. வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்புறுதி சாதாரண மோட்டார் பொலிசிக்குள் தானாக வராது. அதற்குத் தனியாகக் காசு கட்டவேணும். பொலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

மேசைக்கு முன்னால்

இந்த வரலாற்றிலிருந்து கையில் எடுத்துப்போகக் கூடியவை சில. டோட்டல் லாஸ் என்று சொன்னால், எந்தப் பெறுமதியை வைத்துச் சொல்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அதே வருஷ, அதே மொடல் வாகனங்களின் விற்பனை விளம்பரங்களைச் சேர்த்து, வேண்டுமானால் தனி மதிப்பீடும் எடுத்து, உங்கள் பெறுமதியை எழுத்தில் கொடுங்கள். உடைந்த வாகனத்துக்கு அவர்கள் போடுகிற விலை என்ன, அதை நீங்களே வைத்துக்கொண்டால் எவ்வளவு கழிப்பார்கள் என்று கேளுங்கள். தெரிந்த பாஸிடம் காட்டி, கழித்தெறிந்த பாகங்கள் என்ன விலை போகும் என்று விசாரித்துவிட்டுத்தான் பதில் சொல்லுங்கள். ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்று எழுதின கடதாசியில், மனம் ஒப்பாமல் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள். முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறையிடுங்கள், சரிவராவிட்டால் ஒம்புட்ஸ்மனுக்கும் ஆணைக்குழுவுக்கும் போகலாம். வாகனத்தைக் கம்பனிக்கே விடுவதாக இருந்தால் உங்கள் பெயரிலிருந்து பதிவு மாறினதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்தச் சேசி இன்னொரு வண்டியில் ஏறி எங்கேயோ ஓடும், பொலிஸ் உங்கள் கதவைத் தட்டும்.

வீட்டில் பொலிசியைப் படிக்கக் கூடிய ஆள் பெரும்பாலும் இளம் வயதுப் பிள்ளைகள்தான். வாப்பாவின் பெயரில் வருகிற அந்தக் கடதாசி இங்கிலீஷில்தான் இருக்கும், கண்ணாடி உறைக்குள் பிரிக்காமலே கிடக்கும். அடுத்த தரம் புதுப்பிக்கிற திகதி வருவதற்கு முன் அதைப் பிரித்து, காப்புறுதித் தொகை எவ்வளவு, எவையெல்லாம் விலக்கு என்று ரெண்டு விஷயத்தையாவது வீட்டில் வாசித்துக் காட்டுங்கள்.